குதிகாலைக் கட்டாமல்

துபாய்ப் பனிமலையில் குதிகாலைக் கட்டாமல் இறங்கிய முதல் ராமநாதபுரத்துக்காரன் நான்தான். எனக்கு முன்னால் எவனாவது இறங்கியிருந்தால் வந்து சொல்லட்டும், பிரியாணி வாங்கித் தருகிறேன். இன்றுவரை யாரும் வரவில்லை.

பனிமலை என்றால் வானத்தைப் பார்த்து நிற்கிற மலை இல்லை. பெரிய மால் ஒன்றுக்குள் கட்டி வைத்த மலை. வெளியே ரோட்டில் தார் இளகிக்கொண்டிருக்கும். உள்ளே ஒரு கதவைத் தாண்டினால் மூச்சு புகையாக வரும். நடுவில் ஒரு கண்ணாடிச் சுவர். அதற்கு இந்தப் பக்கம் ஜனங்கள் அரைக்கைச் சட்டையோடு உட்கார்ந்து ஐஸ்கிரீம் தின்பார்கள். அந்தப் பக்கம் முழுக்க வெள்ளை. மலை திறந்த புதிதில் வெள்ளிக்கிழமைதோறும் நான் போய் அந்தக் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நிற்பேன். சத்தம் எதுவும் வராது. மேலே புள்ளியாகத் தெரிகிற மனிதர்கள் பெரிதாகிக்கொண்டே வந்து, என் முகத்துக்கு நேரே ஒரு கணம் நின்று, வெள்ளைத் தூளைக் கிளப்பிவிட்டுத் திரும்பிப் போவார்கள். தூக்கத்தில் வருகிற முகங்களும் இப்படித்தான். பக்கத்தில் வரும், பேசாது, போய்விடும்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனால் எங்கும் நின்றுபோனவன் இல்லை. கம்பி கட்டும் வேலைக்கு ஆள் எடுத்தபோது, "கம்பி கட்டத் தெரியுமா?" என்று ஏஜென்ட் கேட்டார். "தூங்கிக்கிட்டே கட்டுவேன்" என்றேன். அதுவரைக்கும் என் வாழ்க்கையில் நான் கட்டியது விறகுக்கட்டு மட்டுமே. துபாய் வந்து சேர்ந்த வாரத்திலேயே பக்கத்தில் இருந்தவன் கையைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். ஃபோர்மேன் வேலை தெரியுமா என்றபோதும் தெரியும் என்றேன், பிறகு தெரிந்துகொண்டேன். முதலில் சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் செய்துதான் தீர வேண்டும். சோனாப்பூர் தொழிலாளர் கேம்பில் அடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் படுத்திருந்த நான் அல் குசைஸில் கம்பி வெட்டி வளைத்துக் கொடுக்கும் சொந்த யார்டு வைத்தது இப்படித்தான். பெயர்ப்பலகையில் கஃபீலின், அதாவது எனக்கு ஸ்பான்சராக நின்ற அரபியின், பெயருக்குக் கீழே என் பெயரும் இருந்தது. அதே அளவு எழுத்தில்.

என் மனைவி ஊரிலேயே இருந்தாள். லீவில் நான் போவேன், வருவேன். மற்ற நாட்களில் போன்தான். போனில் நான் எதையும் குறைத்துச் சொன்னதில்லை. உலகத்திலேயே உயரமான கட்டடத்துக்குக் கம்பி வளைக்கிறேன் என்பேன். அரபி ஒருவர் என்னைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துச் சாப்பிடச் சொன்னார் என்பேன். எல்லாவற்றுக்கும் அவள் ஒரே பதில்தான் சொல்வாள்.

"அப்படியா."

கேள்வியும் இல்லை, ஆச்சரியமும் இல்லை. நம்புகிறாளா, சிரிக்கிறாளா, பக்கத்தில் அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொல்கிறாளா, எனக்குத் தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து அந்த ஒரு சொல்லுக்கு எதிரில் நான் கட்டடம் கட்டிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் டிவி செய்தியில் துபாய்ப் பனிமலையைக் காட்டியிருக்கிறார்கள். போனில் கேட்டாள்: "பாலைவனத்துக்குள்ள பனியாம்ல. பாத்தீகளா?"

"பாக்குறதா? வெள்ளிக்கிழமையானா நான் அதுல சறுக்கிக்கிட்டுல்ல இருக்கேன்."

"விழ மாட்டீகளா?"

"நான் விழுறதா? உச்சியில நின்னு புறப்பட்டா அடியிலதான் நிப்பேன்."

"அப்படியா."

எப்போதும் அத்தோடு முடியும். இந்தத் தடவை முடியவில்லை. சில வாரம் கழித்து அவளே போன் செய்தாள். அவள் தம்பி சொல்லிக்கொடுத்து, எனக்குச் சொல்லாமலே பாஸ்போர்ட் எடுத்துவிட்டாள்.

"நோம்பு முடிஞ்சதும் வர்றேன். விசிட் விசா எடுங்க. கட்டடமெல்லாம் எங்கேயும் போகாது, பெறகு பாத்துக்கலாம். நீங்க பனியில வாறத மொதல்ல பாக்கணும்."

போனை வைத்தேன். பயமா என்றால் பயம் இல்லை. வாழ்நாளில் ஒரே ஒரு தடவை, நான் வாயால் சொன்ன ஒன்றை அவள் தன் கண்ணால் பார்க்கப் போகிறாள். அது நடந்தே ஆக வேண்டும். நடக்காவிட்டால் இத்தனை வருஷம் நான் சொன்ன எல்லாமே, உண்மையும் சேர்த்து, காற்றில் போய்விடும்.

அந்த நேரத்தில்தான் நார்வேக்காரர் என் யார்டுக்கு வந்தார். ஏற்கெனவே ஒரு சைட்டில் எனக்குப் பழக்கமான இன்ஜினியர். பனைமரம் மாதிரி ஆள். கையில் நீளமான பை. பையில் இருந்து ஒரு ஜோடிக் கட்டைகளை எடுத்துச் சிமெண்டுத் தரையில் வைத்தார். பனியில் சறுக்கும் கட்டைகள். ஸ்கீ என்று சொல்வது. கட்டையின் நடுவில் இரும்பில் ஒரு பூட்டு. பூட்டிலிருந்து ஒரு கம்பிவடம் சுற்றிவந்து பூட்ஸின் குதிகாலைப் பிடிக்க வேண்டும். அந்த வடம் அறுந்திருந்தது. "ஸ்மால் ஜாப், மை ஃபிரண்ட்" என்றார். துபாயில் அதற்குச் சாமான் கிடைக்காதாம்.

எனக்கா முடியாது? லிஃப்ட் வேலைக்காரர்களிடம் மிச்சமிருந்த மெல்லிய எஃகு வடத்தை வாங்கி, நுனியில் செம்புக் குழாய் நசுக்கி, அவர் டீ குடித்து முடிப்பதற்குள் கொடுத்துவிட்டேன். அவர் பூட்ஸை மாட்டி என் யார்டிலேயே நின்று காட்டினார். அப்போதுதான் கவனித்தேன். பாதத்தின் விரல் பக்கம் மட்டும் கட்டையில் பூட்டியிருந்தது. குதிகால் காற்றில் எழும்பி வந்தது.

"இது உடைஞ்சிருக்கு" என்றேன். கண்ணாடிக்குப் பின்னால் நான் பார்த்த அத்தனை பேருக்கும் பூட்ஸ் முன்னும் பின்னும் கட்டையோடு அறைந்தது போல இருக்கும்.

அவர் சிரித்தார். இந்தியிலும் ஆங்கிலத்திலும் கையாலும் சொன்னார். இது டெலிமார்க். அவர்கள் நாட்டில் தாத்தாக்காலத்துச் சறுக்கு. குதிகாலைக் கட்டுவதில்லை. திரும்பும்போது ஒரு காலை முன்னால் விட்டு, பின்காலின் குதியைத் தூக்கி, முழங்கால் பனியைத் தொடும் அளவுக்கு உட்கார்ந்து திரும்ப வேண்டும். எழுந்து, அடுத்த காலை முன்னால் விட்டு, மறுபடி உட்கார வேண்டும். என் யார்டுத் தரையில் அவர் அப்படி உட்கார்ந்து எழுந்து காட்டியபோது வளைக்கும் மிஷினை நிறுத்திவிட்டு என் ஆட்கள் எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள்.

நான் உடனே சொன்னேன்: "எனக்கும் தெரியும். கொஞ்சம் டச் விட்டுப்போச்சு."

பக்கத்து ஹார்டுவேர் கடைக்காரர் கீழக்கரைப் பாய். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். சிரிப்பை அடக்கிக்கொண்டு கடைக்குள் போய்விட்டார்.

வடத்துக்கு நான் கூலி வாங்கவில்லை. அதற்குப் பதில் நார்வேக்காரர் என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். அவர் மனைவி ஊரோடு திரும்பிப் போய்விட்டார். அந்த அம்மாவின் ஸ்கீயும் பூட்ஸும் கார் நிறுத்துமிடத்தில் தூசி படிந்து கிடந்தன. அவருடைய பூட்ஸ் என்றால் நான் அதற்குள் குடியிருக்கலாம். அந்த அம்மாவின் பூட்ஸ் எனக்கு அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தியது. பச்சை நிறம், பக்கத்தில் வெள்ளைப் பூ. விரல் மடியும் இடத்தில் மட்டும் ஆர்மோனியத்தின் துருத்தி மாதிரி மடிப்பு.

பாய் அதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, பூவெல்லாம் போட்டிருக்கு. அண்ணி கேட்டா யாரு பூட்ஸுன்னு சொல்லுவீக?" என்றார்.

"குளுருக்கு என்ன ஆம்பள பொம்பள? போய் ஆணிய எண்ணும்."

அந்த ஸ்கீயில் பூட்டு இல்லை. கழற்றி வைத்திருந்தார்கள். நார்வேக்காரர் ஒரு பெட்டியைத் திறந்து மூன்று விதமான பூட்டுகளைத் தரையில் வைத்தார். நீயே தேர்ந்துகொள் என்றார். அந்த மூன்றையும் நான் இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பேன்.

முதலாவது, உள்ளங்கை அளவு இரும்புத் தட்டு. அதிலிருந்து மூன்று முளைகள் எழும்பி நிற்கும். பூட்ஸின் முன்புறம் வாத்து மூக்கு மாதிரி நீண்டிருக்கும். அதன் அடியில் மூன்று துளைகள். முளையில் துளையை வைத்து, மேலே ஒரு வளையத்தை அமுக்கினால் தீர்ந்தது. பஞ்சு போல எடை. ஆனால் பூட்ஸின் துளைகள் பழசாகிக் கிழிந்திருந்தன, முளை பிடிக்காது. அதனால் அது போயிற்று.

இரண்டாவதில் வடம் உண்டு. வடத்தின் இரண்டு பக்கமும் ஒல்லியான நீளமான ஸ்பிரிங். குதிகாலைத் தூக்கினால் ஸ்பிரிங் நீளும், இறக்கினால் மெதுவாகக் கூப்பிட்டுக்கொள்ளும்.

மூன்றாவது ராட்சசன். இதிலும் வடம் உண்டு, ஆனால் தடித்த ஸ்பிரிங்கை எஃகுக் குழாய்க்குள் அடைத்திருந்தார்கள். கையில் எடுத்தால் கனம் தெரியும். இழுத்தால் அசையவே அசையாது.

"ஆரம்பிக்கிற ஆளுக்கு இரண்டாவது நல்லது. மெதுவானது. கால் பழகும்" என்றார் அவர்.

நான் மூன்றாவதை எடுத்தேன். கம்பி வேலைக்காரனிடம் தடித்ததும் மெல்லியதும் வைத்தால் எதை எடுப்பான்? வாழ்நாள் முழுவதும் தடித்த கம்பியால் நின்றவன் நான். மெதுவான ஸ்பிரிங்கை நம்பி உச்சியில் நிற்கச் சொல்கிறாரே என்று எனக்கு அவர்மேல் பரிதாபம்கூட வந்தது.

பூட்டைப் பதிக்கும் வேலையை யார்டில் வைத்து நானே செய்தேன். ஸ்கீயின் பக்கவாட்டில் நடு அடையாளம் ஒன்று இருக்கும். அங்கிருந்து அவர் பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்தார்; பூட்ஸின் மூக்கு அந்தக் கோட்டில் வர வேண்டும். டிரில் மறுபக்கம் போய்விடாதபடி டிரில் முனையில் டேப் சுற்றி, துளை போட்டு, பசை ஊற்றி, திருகை இறக்கினேன். இரண்டு கட்டையையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தால் ஒரு நூல் வித்தியாசம் கிடையாது. அவர் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை கண்ணாடியின் அந்தப் பக்கத்தில் நான் நின்றேன்.

உள்ளே நின்றால்தான் தெரிகிறது, அங்கே வெளிச்சத்துக்கு நிழல் கிடையாது. தரையும் கூரையும் ஒரே வெள்ளை. பேசினால் சத்தம் பக்கத்திலேயே விழுந்துவிடும், பனி அதைத் தின்றுவிடும். மூக்குக்குள் முடி விறைத்துக்கொண்டது. எங்கோ மேலே நாற்காலிகள் கம்பியில் தொங்கி ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருந்தன, யாரையோ தூக்கத்திலிருந்து எழுப்பாமல் தூக்கிப் போவது போல. வெளியே நாற்பத்தைந்து டிகிரியில் என் ஆட்கள் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள் என்பது எந்த நாட்டுச் செய்தியோ என்று தோன்றியது.

பூட்ஸை மாட்டி, வடத்தைக் குதிகாலில் ஏற்றி, வடத்தின் திருகை எவ்வளவு திருக முடியுமோ அவ்வளவு திருகி இறுக்கினேன். நார்வேக்காரர், "லூஸ், லூஸ்" என்றார். காதில் வாங்கவில்லை. எங்கள் வேலையில் இளகிய கட்டு என்றால் என்ன என்று அவருக்கே தெரியும். சோதனைக்குக் கன்சல்டன்ட் வருவார், பூட்ஸ் காலால் கம்பியை ஓர் உதை உதைப்பார். அசைந்தால் மொத்தக் கட்டுகளையும் பிரித்து மறுபடி கட்டச் சொல்வார். என் கட்டு ஒருநாளும் அசைந்ததில்லை.

அடிவாரத்துச் சின்னச் சரிவில் இறங்கினேன். திரும்புவதற்காக உட்காரப் பார்த்தேன். பின்காலின் குதி எழும்பவில்லை. ஸ்பிரிங் கீழே இழுத்தது, உடம்பு முன்னால் போனது, மூக்கு பனியில் போய் நின்றது. எழுந்தேன், இறங்கினேன், மூக்கு. சின்னப் பிள்ளைகள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். பனியின் ருசி எனக்குத் தெரிந்த அளவுக்குத் துபாயில் யாருக்கும் தெரியாது.

நாற்காலியில் ஏறி உச்சிக்குப் போக வேண்டுமானால் ஒரு விதி உண்டு. ஏறுமிடத்தில் நிற்கும் ஊழியர் முன்னால் இரண்டு பக்கமும் திரும்பி, நின்று காட்ட வேண்டும். அங்கே நின்றது ஒரு பிலிப்பைன்ஸ் பெண். நான் விழுந்து எழுந்து அவள் முன்னால் போய் நின்றேன். அவள் கனிவாகத்தான் சொன்னாள்: "சார், நாட் டுடே."

அடுத்த வாரமும் அதே. அதற்கடுத்த வாரமும் அதே. வடத்தை இன்னும் இறுக்கினேன். என் கை இறுக்குவதற்குப் பழகிய கை.

மனைவிக்கு விசா வந்துவிட்டது. டிக்கெட்டும் போட்டாயிற்று. பாய் கடை வாசலில் இருந்து கேட்டார்: "அண்ணே, பேசாம அண்ணிய கடலுக்குக் கூட்டிப் போயிருங்க. பனி தீந்துபோச்சுன்னு சொல்லிருவோம்."

"எவன்யா சொன்னது? இறங்கிக் காட்டுறேன் பாரும்."

"காட்டுங்க. ஆனா மூஞ்சியால காட்டாதீக."

அந்த வாரத்தில் ஒருநாள் சைட்டுக்குப் போனேன். அடித்தளத்துக்குக் கம்பி பரப்பியிருந்தார்கள். ஒரு மைதானம் அளவுக்குக் கம்பி வலை. அதன்மேல் என் ஆட்கள் பரவி உட்கார்ந்து கட்டிக்கொண்டு போனார்கள். வெயிலில் கம்பிக்கு மேல் காற்று நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த நடுக்கத்துக்குள் எல்லாரும் மிதப்பது போல் இருந்தார்கள். நான் மேலே பலகைப் பாதையில் நின்று பார்த்தேன். வேலையைத்தான் பார்க்கப் போனேன். கண் கால்களில் நின்றுவிட்டது.

கம்பி கட்டுகிறவன் குத்துக்காலிட்டு உட்கார்வதில்லை. கம்பிமேல் அப்படி உட்கார முடியாது. ஒரு பாதம் முன் கம்பியில் முழுதாக இருக்கும். பின்பாதம் விரல்முனையில் நிற்கும். பின்முழங்கால் கம்பியைத் தொடுவது போல இறங்கும், தொடாது. குறடு ஒரு சுற்று சுற்றும். எழாமலே எடை முன்னால் போகும், பின்கால் முன்காலாகும், அடுத்த கட்டு. இடது, வலது, இடது, வலது. பாதி நின்று, பாதி உட்கார்ந்து, மைதானத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை. ஒருவனுக்குக்கூடக் குதிகால் தரையில் இல்லை.

நார்வேக்காரர் என் யார்டில் உட்கார்ந்து எழுந்து காட்டியது இதைத்தான். அவர்களுடைய தாத்தாக்கள் பனியில் செய்தார்களாம்; நான் இருபது வருஷமாகக் கம்பியில் செய்திருக்கிறேன். இந்தப் பாதத்தை யாராவது குதிகாலோடு கம்பியில் பூட்டியிருந்தால் நான் ஒரு கட்டுகூடக் கட்டியிருக்க மாட்டேன். அதையேதான் அந்த ராட்சச ஸ்பிரிங்கால் நானே எனக்குச் செய்துகொண்டிருந்தேன். அவர் சொன்னது சரி, நான் எடுத்தது தப்பு. அதை ஒத்துக்கொள்ள எனக்கு வெட்கமில்லை, ஏனென்றால் நானேதான் கண்டுபிடித்தேன்.

மதியமே யார்டுக்கு வந்தேன். மூன்றாவதைக் கழற்றினேன். பழைய துளைகளில் மரக்குச்சி அடித்து, பசை ஊற்றி, சீவி விட்டேன். பழைய இடத்தில் திருகு நிற்காது என்பதால் ஒரு விரல் முன்னால் தள்ளி இரண்டாவதைப் பதித்தேன். ஒல்லி ஸ்பிரிங். வடத்தைப் பூட்ஸில் ஏற்றி, முழங்காலை இறக்கி, குதிகாலைத் தூக்கிப் பார்த்தேன். ஸ்பிரிங் என்னோடு வந்தது. திருகைக் கொஞ்சம் திருப்பினேன், இன்னும் சுலபமாக வந்தது. அதற்குமேல் இளக்கினால் வடம் குதியிலிருந்து நழுவியது. நழுவுவதற்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தினேன். இறுக்குவதில் மட்டுமே திறமை இருக்கிறது என்று அதுவரை நினைத்திருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை சரிவில் நான் எதையும் யோசிக்கவில்லை. கீழே கம்பி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வலது பாதம் முன்னால், இடது குதி மேலே, இறக்கம். கட்டை தானாக வளைந்தது. எழாமலே எடையை மாற்றினேன், அது மறுபக்கம் வளைந்தது. காற்று காதில் மெல்லப் பேசியது. வெள்ளை என்னை நோக்கி வந்துகொண்டே இருந்தது, நான் அதற்குள் உட்கார்ந்து உட்கார்ந்து போய்க்கொண்டே இருந்தேன். என் கையில் குறடு இல்லை என்பதுதான் குறை. விரல்கள் சும்மா சுற்றிக்கொண்டன.

நார்வேக்காரர் கீழே நின்று பார்த்தவர், தன் கையுறையைக் கழற்றிக் கை கொடுத்தார். பிலிப்பைன்ஸ் பெண் கையை நாற்காலிப் பக்கம் காட்டி, "கோ, சார்" என்றாள்.

மனைவி வந்தாள். ஏர்போர்ட்டில் என்னைப் பார்த்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "கருத்துப் போயிட்டீக. பனியில இருந்தா வெளுக்கணும்ல?"

வெள்ளிக்கிழமை வந்தது. மாலுக்குள் நுழைந்ததும் அவள் வேறெங்கும் பார்க்காமல் நடந்தாள். கண்ணாடி முன்னால் போய் நின்றாள். நல்ல நீலச் சேலை, அவள் முகம் கண்ணாடியில் தெரிந்தது, அந்த முகத்துக்குள் மலை தெரிந்தது. அவள் நெற்றி வழியாக மனிதர்கள் சறுக்கி இறங்கினார்கள். நான் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எல்லாரும் ஒரே மாரி சட்டை போட்டிருக்காகளே, நீங்க எதுன்னு எப்படித் தெரியும்?" என்றாள்.

அதுவும் சரிதான். உள்ளே வாடகைச் சட்டை எல்லாருக்கும் ஒன்றுதான். தலையில் குல்லா, கண்ணுக்குப் பெரிய கண்ணாடி. பெற்ற தாய்க்கும் அடையாளம் தெரியாது.

"காலைப் பாரு. எவனுக்குக் குதிகா மேல தூக்குதோ அவன் நான்."

"பூட்ஸையும் பாருங்க அண்ணி. பூப் போட்டிருக்கும்" என்றார் துணைக்கு வந்த பாய்.

அவர்களை அங்கே டீயோடு உட்கார வைத்துவிட்டு உள்ளே போனேன். நாற்காலி என்னைத் தூக்கிக்கொண்டு போனது. கால்கள் தொங்கின. கீழே மனிதர்கள் சின்னதாகிக்கொண்டே போனார்கள். உச்சியில் கூரை பக்கத்தில் இருந்தது. அதற்கு வெளியேதான் வெயில் இருக்கிறது, கையை நீட்டினால் தட்டலாம் என்று தோன்றியது. கண்ணாடி எங்கே இருக்கிறது என்று தேடினேன். கீழே தூரத்தில் மஞ்சளாக ஒரு கோடு. அதற்குள் அவள் இருக்கிறாள்.

வடத்தை ஒருதடவை தொட்டுப் பார்த்தேன். இளக்கமாகத்தான் இருந்தது. இறங்கினேன்.

அதை வேகமாகச் சொல்ல எனக்கு வராது, ஏனென்றால் அது வேகமாக நடக்கவில்லை. பக்கத்தில் போனவர்கள் எல்லாரும் நிமிர்ந்தபடி சரசரவென்று போனார்கள். நான் ஒவ்வொரு வளைவிலும் உட்கார்ந்து, பனிக்கு ஏதோ சொல்லிவிட்டு எழுந்தேன். ஒருதடவை முழங்கால் பனியை உரசியது, வெள்ளைத் தூள் மேலெழுந்து என் முகத்தில் பட்டது, கரைந்தது. நடுச்சரிவில் ஒரு பையன் குறுக்கே வந்தான். எடை தானாக மறுகாலுக்குப் போய்விட்டது. நான் மாற்றவில்லை, கால் மாற்றியது. கீழே வந்து கண்ணாடிக்கு நேரே திரும்பி, நின்றேன். விழவில்லை. இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன். விழவில்லை.

கண்ணாடிக்குப் பின்னால் பாய் இரண்டு கையையும் தூக்கிக் குதித்துக்கொண்டிருந்தார். அவள் குதிக்கவில்லை. எழுந்து நின்றிருந்தாள். வாய் அசைந்தது. எனக்குக் கேட்கவில்லை.

கட்டையைக் கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். அந்தப் பூட்ஸோடு பளிங்குத் தரையில் ஓடுவது பனியில் சறுக்குவதைவிடக் கஷ்டம்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"எப்படி?"

அவள் என் காலையே பார்த்தாள். "மத்தவுக எல்லாம் நிமிந்து வாராக. நீங்க மட்டும் ஏன் உக்காந்து உக்காந்து வாரீக? அது எங்க படிச்சீக?"

"அது நம்ம தொழிலு. கம்பி கட்டுறது அப்படித்தான்."

"எப்படி?"

நான் வேலையின் பலனைத்தான் போனில் சொல்வேன். வேலையைச் சொன்னதில்லை, அதில் சொல்ல என்ன இருக்கிறது? அந்தப் பளிங்குத் தரையிலேயே உட்கார்ந்து காட்டினேன். ஒரு பாதம் முன்னால், பின்குதி மேலே, கையில் இல்லாத குறடால் ஒரு சுற்று. அடுத்த கட்டு. இன்னொன்று. ஐஸ்கிரீம் வாங்க நின்ற வெள்ளைக்காரக் குடும்பம் வழி விட்டு ஒதுங்கியது. பாய்கூடச் சிரிக்கவில்லை.

"எம்புட்டு நேரம் அப்படி இருப்பீக?"

"காலைல பஸ்ஸு இறக்கி விட்டா, சாயந்தரம் பஸ்ஸு வர்ற வரைக்கும்."

"வெயில்லயா?"

"பின்ன, ஏசியிலயா கட்டடம் கட்டுவாக?"

அவள் கொஞ்சம் குனிந்து என் முழங்காலில் ஒட்டியிருந்த பனியைத் தட்டிவிட்டாள். முழுதும் போகவில்லை, விரலில் ஒட்டிக்கொண்டது. அதை உருகும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தக் குளுருல பாக்க அழகாத்தான் இருக்கு" என்றாள்.

நான் என்னவோ சொல்ல வாயெடுத்தேன். எனக்கு எப்போதும் ஏதாவது இருக்கும் சொல்ல. அதற்குள் அவள் சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கண்ணாடிப் பக்கம் திரும்பிவிட்டாள்.

"இன்னொருக்கா போயிட்டு வாங்க. மொத தடவ விழுந்துருவீகளோன்னு மூஞ்சியவே பாத்துக்கிட்டிருந்துட்டேன். இப்பக் காலைப் பாக்குறேன்."

டிக்கெட்டில் நேரம் மிச்சமிருந்தது. மறுபடி நாற்காலியில் ஏறினேன். பாதி உயரத்தில் திரும்பிப் பார்த்தேன். கீழே டீயோடு உட்கார்ந்திருந்தவர்களுக்கு முன்னால், கண்ணாடியோடு ஒட்டி, ஒரு நீலப் புள்ளி நின்றுகொண்டிருந்தது. உச்சியில் இறங்கி, வடத்தைத் தொட்டுப் பார்த்தேன். அவசரப்படவில்லை. மெதுவாக, ஒவ்வொரு கட்டாக, மேலிருந்து தொடங்கினேன்.